கோயில் நகர மாஸ்டர் பிளானில் தேர்வீதி, சந்தை, குளம், நெசவுத் தெரு: எதை அளப்பது, எதை விதியாக எழுதுவது?

வரைபலகை (கேள்வி)

வணக்கம். காவிரி டெல்டாவில் ஒரு நடுத்தரமான கோயில் நகரம். மாஸ்டர் பிளான் வரைவு கையில் இருக்கிறது. "பண்பாடும் பாரம்பரியமும்" என்று ஓர் அத்தியாயம் உண்டு. நாலு கோபுரப் படம், தல வரலாறு, சுற்றுலாப் பயணிகள் வருகை, அவ்வளவுதான். நில உபயோக வரைபடத்துக்கு வந்தால் கோயிலுக்கு 'நிறுவனப் பகுதி' நிறம், தொல்லியல் துறைச் சின்னத்துக்கு ஒரு புள்ளி. தேர் ஓடும் நான்கு வீதியும் 'வணிகம்'. தறி ஓடும் தெருக்கள் 'குடியிருப்பு'. வாரச்சந்தை கூடும் திடல் 'உத்தேசப் பேருந்து நிலையம்'. தர்கா சந்தனக்கூடு வரும் பாதையில் மேம்பாலத்தின் தூண்.

இந்த வரைவு இப்படியே அரசிதழில் வந்துவிட்டால் இருபது வருஷத்துக்கு இதுதான் ஊர். தேர்வீதி, சந்தை, குளம், தறி இவற்றையெல்லாம் கள ஆய்வில் எப்படிப் பதிவு செய்வது? அத்தியாயத்தில் எழுதுவதோடு நிற்காமல் சட்டப்படி பிடிப்பு வர எங்கே, எப்படி எழுதவேண்டும்? பொறியியல் அளவுகளும் இருந்தால் சொல்லுங்கள். பொதுவான அறிவுரை வேண்டாம். எண்ணாக, விதியாக வேண்டும்.

---

தேர்முட்டி

தேர்வீதி பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் தேரை அளங்கள், தெரு அப்புறம். கோயில் அலுவலகத்தில் கேட்டால் ஓர் உயரம் சொல்வார்கள்; பெரும்பாலும் அது மரத்தேரின் உயரம். அலங்காரம் ஏறியபின் கணக்கே மாறும். திருவாரூர் ஆழித்தேரில் மரப்பகுதி சுமார் 30 அடிதான். மூங்கில், சீலை, கலசம் எல்லாம் சேர்ந்தபின் 96 அடி. அகலமும் அப்படியே: அடியில் சக்கர அகலம் ஒன்று, மேலே மூங்கில் விரியும் இடத்தில் ஒன்று, தொம்பை (துணியால் ஆன உருளைத் தொங்கல்) தொங்கும் இடத்தில் இன்னொன்று. மூன்றையும் தேர் கட்டும் தச்சரிடம் கேட்டு, கட்டி முடித்த அன்று டேப் வைத்துச் சரிபாருங்கள். வீதியில் நிரந்தரமாகத் திறந்திருக்க வேண்டிய அகலத்துக்கு நான் வைக்கும் கணக்கு: அதிகபட்ச அகலம், அதோடு இரண்டு பக்கமும் 2 மீட்டர். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தோடு ஓடுவார்கள். அவர்கள் பின்னால் விலக இடம் இல்லாவிட்டால் காலில் ஏறும்.

அடுத்து எடை. 40 டன் தேர், இரண்டு அச்சு என்றால் அச்சுக்கு 20 டன். நம் சாலை வடிவமைப்புக்கு அடிப்படையான திட்ட அச்சுச் சுமை 8.16 டன். அதுவும் காற்றடித்த டயருக்குப் போட்ட கணக்கு. தேர்ச் சக்கரம் இரும்புப் பட்டை, தரையைத் தொடும் பரப்பு ரொம்பச் சிறியது. பேவர் பிளாக் போட்ட தேர்வீதிகளில் சக்கரத் தடத்தில் கல் சாய்ந்து எழும்புவதும், முட்டுக்கட்டை உராயும் இடத்தில் விளிம்பு உடைவதும் இதனால்தான். சக்கரத் தடம் முழுக்க சிமென்ட் கான்கிரீட், ஓரத்தில் வேண்டுமானால் கல் பாவுதல் என்று விவரக்குறிப்பிலேயே பிரித்து எழுதுங்கள். பாதாளச் சாக்கடை மூடி தடத்தில் வராமல் இருப்பது நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் மூடிகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 12592-ல் உள்ள 35 டன் தரம் போடவேண்டும். வழக்கமாகத் தெருவில் போடும் 10 டன் மூடி போதாது. குறுக்கே போகும் மழைநீர் வடிகால் சிலாப்புக்கும் இதே சுமைதான்.

சாய்வு பலர் விட்டுவிடும் விஷயம். இரண்டு சக்கரத்துக்கும் இடையே 3 மீட்டர், ஒரு பக்கம் 10 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 மீட்டர் உயரத்தில் கலசம் அரை மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். மாடி வீட்டின் சன்ஷேடில் இடிப்பதற்கு அது போதும். ஆகவே தடத்துக்குள் குறுக்குச் சரிவு கிட்டத்தட்ட இல்லாமலும், சரிவு முழுவதும் ஓரத்திலும் இருக்கட்டும். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தளம் போடவேண்டும் என்று 2021-லேயே அரசு அறிவுறுத்தியிருக்கிறது. தேர்வீதியின் தரைமட்டத்தை நான்கு மூலையிலும் எண்ணாகக் குறித்துத் திட்டத்தில் சேர்த்துவிட்டால், பின்னால் வரும் ஒப்பந்ததாரர் மேலேயே தார் ஊற்றிவிட்டுப் போக முடியாது.

மின்கம்பி. தெருவைக் கடக்கும் தாழ்வழுத்தக் கம்பிக்குக் குறைந்தபட்ச உயரம் 5.8 மீட்டர், 11 கே.வி. கம்பிக்கு 6.1 மீட்டர். எந்தத் தேரும் இதற்குள் அடங்காது. தேரோட்டத்தன்று கம்பியைக் கழற்றி மாட்டுவது ஏற்பாடு ஆகாது. ஒரு தகவல் தவறினால் உயிர் போகும். 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் களிமேட்டில், அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். சாலை உயர்ந்திருந்ததும் அப்போது பேசப்பட்டது. பெரிய கோயில் வீதிகளுக்குப் புதைவடம் (தரைக்கடியில் போகும் மின்கம்பி) கேட்கிறோம், சரி. புறநகரில் சிறிய சப்பரம் வரும் தெருவையும் அதே பட்டியலில் சேருங்கள். புதைவடம் வந்தபின் இன்னொரு சிக்கல் வரும்: இணைப்புப் பெட்டிகளை இடம் கிடைக்கும் மூலையில் வைத்துவிடுவார்கள். தேர் திரும்புவது அந்த மூலையில்தான்.

தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. முட்டுக்கட்டை கொடுத்து, பல ஊர்களில் இரும்புத் தகட்டில் கிரீஸ் தடவிச் சக்கரத்தை வழுக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார்கள். நான்கு மூலையிலும் ஹைமாஸ்ட் விளக்கு, ரவுண்டானா, சிலை, பெட்டி எதுவும் வரக்கூடாது என்று ஒரு வட்டம் போட்டு 'தேர் திரும்பும் பகுதி' என்று வரைபடத்திலேயே பெயரிடுங்கள். வடத்தின் நீளத்தையும் மறக்கவேண்டாம். திரும்பும்போது வடம் பிடிப்பவர்கள் அடுத்த வீதிக்குள் நேராக நிற்கவேண்டும். அங்கே நடுவில் மீடியன் இருந்தால் கூட்டம் இரண்டாகப் பிளந்து தடுக்கி விழும்.

---

புலஎண்

சட்டப் பக்கம்.

அத்தியாயத்தில் எழுதியது எதுவும் கட்டட அனுமதிக் கோப்பில் வராது. கோப்பைப் பார்ப்பவர் பார்ப்பது இரண்டுதான்: அந்தப் புல எண் எந்த மண்டலத்தில், அந்த மண்டலத்துக்கு விதி என்ன. ஆகவே நீங்கள் காப்பாற்ற நினைக்கும் ஒவ்வொன்றும் புல எண்ணாக மாறவேண்டும்.

1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 17-வது பிரிவு முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்), 20-வது பிரிவு ஒரு பகுதிக்கு மட்டும் நுணுக்கமாகப் போடும் விரிவு வளர்ச்சித் திட்டம். நுணுக்கமான கட்டுப்பாடுகளுக்கு 20 தான் சரியான இடம். தொல்லியல், வரலாற்று முக்கியத்துவம் உள்ளவை மட்டுமில்லை, மக்கள் புனிதமாகக் கருதும் இடங்களையும் எல்லை குறிக்க அதில் வழி இருக்கிறது. முழுமைத் திட்டத்தில் தேர்வீதி, குளம், தறித்தெரு, சந்தை சேர்ந்த பகுதியை 'சிறப்புப் பண்பாட்டுப் பகுதி' என்று எல்லை போட்டு, "இதற்கு விரிவு வளர்ச்சித் திட்டம் தயாரிக்கப்படும், அதுவரை இன்னின்ன இடைக்கால விதி" என்று எழுதுங்கள். இடைக்கால விதி இல்லாமல் எல்லை மட்டும் போட்டால், விரிவுத் திட்டம் வருவதற்குள் பாதி இடிந்திருக்கும்.

தொல்லியல் சின்னத்துக்குப் புள்ளி வைத்திருக்கிறார்கள் என்றீர்களே, அது ஆபத்தான தவறு. மத்தியத் தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தத்தின்படி மத்தியத் தொல்லியல் துறைச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அளவு தொடங்குவது பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து. கோபுரத்தின் நடுவிலிருந்து இல்லை. ஜி.ஐ.எஸ்.ஸில் (கணினி வரைபட மென்பொருளில்) புள்ளியிலிருந்து வட்டம் போட்டால் ஒரு தெரு முழுக்க வெளியே போய்விடும். எல்லைக்குப் பலகோணம் வரைந்து அதிலிருந்து 100, 200 போடுங்கள். மாநிலத் தொல்லியல் துறைச் சின்னங்கள் 1966 சட்டத்தின் கீழ் வருபவை, தனி அடுக்கு. அறநிலையத் துறையின் கீழ் மட்டும் இருக்கும் கோயில்களுக்கு இந்த மீட்டர் கணக்கு எதுவும் கிடையாது. ஊரில் பெரும்பாலான கோயில்கள் அப்படித்தான் இருக்கும். அவற்றைச் சுற்றி உயரக் கட்டுப்பாடு வேண்டுமென்றால் நீங்கள்தான் எழுதவேண்டும். மதுரையில் மீனாட்சி கோயிலைச் சுற்றி 1 கி.மீ.க்குள் 9 மீட்டர் என்ற அரசாணை 1997-லிருந்து இருக்கிறது. மீறல்கள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. உயரத்தை எழுதும்போதே யார் அளப்பது, எந்தக் கட்டத்தில் அளப்பது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் பலன்.

கள ஆய்வை அ-பதிவேட்டில் (புல எண் வாரியாக நிலத்தின் வகையை எழுதிய வருவாய்த்துறைப் பதிவேடு) தொடங்குங்கள். சந்தைப்பேட்டை, மந்தைவெளி, களம், மேய்க்கால், வண்டிப்பாதை, சுடுகாடு, குளம், வாய்க்கால் என்று வகைப்பாடு போட்ட புறம்போக்கு ஒவ்வொன்றையும் எடுத்து, இன்று அங்கே என்ன நடக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். நகர எல்லைக்குள் நகர அளவைப் பதிவேடு. புலப்படத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தால் சில மீட்டர் தள்ளியே உட்காரும்; பழைய கிணறு, கோயில் மதில் மூலை, எல்லைக்கல் இவற்றை நேரில் அளந்து பொருத்தாவிட்டால் குளத்தின் கரை பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் விழும்.

ஒவ்வொரு இடத்துக்கும் நிரப்ப வேண்டிய களங்கள்: என்ன நடக்கிறது, எந்தப் புல எண்கள், எந்த மாதம், எந்த நட்சத்திரம் அல்லது பிறை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, நடத்துவது யார், உச்சத்தில் எத்தனை பேர், எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள், என்ன தடை. நேரம் என்ற களம் இல்லாத வரைபடத்தில் சந்தைத் திடல் ஆறு நாள் காலியாகத் தெரியும். பேருந்து நிலையம் அங்கே வந்தது அப்படித்தான். இஸ்லாமிய விழாக்கள் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகரும். ஏதோ ஓர் ஆண்டில் கந்தூரியும் (தர்கா விழா) தேரும் ஒரே வாரத்தில் வரும். அந்த ஆண்டுக்கான வாகன நிறுத்தம் இப்போதே கணக்கில் இருக்கட்டும்.

---

பாவுத்தெரு

தறித்தெருவைக் 'குடியிருப்பு' என்று விட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறேன்.

பட்டுத்தறியில் மூன்று சேலைக்குச் சேர்த்து ஒரு பாவு (தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்) என்றால் 18 முதல் 20 மீட்டர். பருத்திப் பாவு இன்னும் நீளம். கஞ்சி தோய்த்து நீட்டிக் காயவைக்கத் தெருதான் இடம். விடியற்காலையில் வெயில் ஏறுவதற்குள் முடியும் வேலை. தெரு நேராக, நடுவில் கம்பமோ வேகத்தடையோ இல்லாமல் இருக்கவேண்டும். ஓரத்தில் நிழல் மரம் வேண்டும். 'அழகுபடுத்தும்' திட்டம் வந்து நடுவில் பூந்தொட்டி வைத்து, இரண்டு பக்கமும் கார் நிறுத்தக் கோடு போட்டால் அன்றோடு பாவு வெளியூருக்குப் போகும், கூடவே அந்தக் கூலியும். விதியாக எழுத வேண்டியது: இன்ன தெருக்களில் காலை 5 முதல் 9 வரை வாகன நிறுத்தம் இல்லை, 25 மீட்டர் தொடர்ச்சிக்குத் தடையில்லா நடுப்பகுதி.

குழித்தறியில் நெசவாளர் கால் வைத்து மிதிக்கும் குழி வீட்டின் தரைக்குக் கீழே. சாலை மட்டம் அரை அடி உயர்ந்தாலே மழைநீர் குழியில் நிற்கும், மரம் ஊறும், பாவு நனையும். தேர்முட்டி சொன்ன மட்டக் கட்டுப்பாடு இங்கே இன்னும் முக்கியம்.

கட்டட விதியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளின் வழக்கமான பக்கவாட்டு இடைவெளியை ஒட்டுச்சுவர் வீட்டுக்கு (பக்கத்து வீட்டோடு ஒட்டியது) போட்டால், 15 அடி அகல மனையில் தறிக்கூடமே மிஞ்சாது. தேர்வீதி, அக்ரகாரம், தறித்தெரு மூன்றையும் 'தொடர் கட்டடப் பகுதி' என்று அறிவிக்கச் சொல்லுங்கள். முன்பக்கம் திண்ணை வரிசையைக் கட்டடக் கோடாக வையுங்கள். திண்ணையை ஆக்கிரமிப்பு என்று இடித்த தெருவில் விழா நாளில் பெரியவர்கள் உட்கார இடம் இல்லாமல் போகிறது. தறியை 'தொழிற்சாலை' என்று தள்ளாமல், வீட்டுத் தறி அனுமதிக்கப்பட்ட உபயோகம் என்று பெயர் சொல்லி எழுதவேண்டும்.

இதையெல்லாம் செய்தும் வீடுகள் ஏன் விழுகின்றன என்றால், அடிமனை. கோயில் ஊர்களில் மாடவீதி மனைகள் பல கோயிலுக்குச் சொந்தம். மேலே கட்டடம் குடியிருப்பவருடையது. ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகை என்றால் அறநிலையத் துறை ஆணையர் ஒப்புதல் வேண்டும். பத்திரம் இல்லாமல் வங்கிக்கடன் கிடைக்காது, கடன் இல்லாமல் ஓடு மாற்ற முடியாது. கள ஆய்வில் 'மனை யாருடையது, கட்டடம் யாருடையது' என்று இரண்டு கேள்வி தனித்தனியாக இருக்கட்டும். அடிமனை வீடுகள் எத்தனை என்று தெரியாமல் போடும் பாதுகாப்பு விதி, பழுது பார்க்க முடியாதவர்மேல் இன்னொரு தடையாகத்தான் இறங்கும்.

---

வாய்க்கால்தலைப்பு

குளத்துக்குச் சுருக்கமாக. கரைச்சுவர், நடைபாதை, விளக்கு எல்லாம் கடைசி. முதலில் வரத்துவாய்க்காலின் தலைப்பு மட்டம், குளத்தின் நுழைவாய் மட்டம், போக்குவாய் மட்டம் மூன்றையும் அளவைக் கருவி வைத்து எடுங்கள். இடையில் வாய்க்கால் எந்த வீட்டுக்கு அடியில் போகிறது என்று புல எண்ணோடு குறியுங்கள். மதுரை வண்டியூர் தெப்பக்குளத்துக்கு வைகைத் தண்ணீர் பனையூர் கால்வாய் வழியாக வருவதால்தான் அங்கே தெப்பம் மிதக்கிறது. கால்வாய் அடைபட்டிருந்த காலத்தில் அது விளையாட்டு மைதானம்.

டெல்டாவில் தேதியும் முக்கியம். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். மாசியில் தெப்பம் என்றால் ஆற்றில் முறைத்தண்ணீர் நின்ற பிறகு. ஆகவே தை பிறந்தவுடனேயே குளம் நிரம்பியாக வேண்டும். நுழைவாய் அதற்கு முன்பே தூர்வாரியிருக்க வேண்டும். கும்பகோணம் மகாமகம் அடுத்தது 2028 மாசி. சுற்றியுள்ள ஊர்களும் அந்தக் கூட்டத்தைத் தாங்கியாக வேண்டும் என்பதால் உங்கள் திட்டத்தில் அந்த ஆண்டு தனியாக இடம்பெறட்டும். 1992-ல் நெரிசலில் ஏறக்குறைய 50 பேர் இறந்த குளக்கரை அது. குளத்தின் படியில் இறங்கும் வழியும் ஏறும் வழியும் தனித்தனி. சமதரையில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர், படியில் 66 பேர் என்பது அரங்கப் பாதுகாப்புக் கணக்கில் உச்சவரம்பு. ஈரப் படிக்கு அதிலும் குறைத்தே வையுங்கள்.

---

நடுத்தெரு

எல்லாரும் சொன்னது சரி. ஆனால் 'மரபு வழி' என்று வரைபடத்தில் கோடு போடும் முன் ஒரு கேள்வி: அந்த வழி எந்தத் தெருவுக்குப் போகாமல் திரும்புகிறது? பல ஊர்களில் சாமி ஊர்வலம் ஆதிதிராவிடர் தெருவின் முனையோடு நிற்கும். அதை அப்படியே அரசிதழில் ஏற்றினால் ஒதுக்கலுக்கு அரசு முத்திரை கிடைத்த மாதிரி. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தேர்வடம் யார் பிடிப்பது என்ற பிரச்சினையில் தேர் பல ஆண்டு ஓடாமல் நின்று, நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2024-ல் ஓடியது.

அதனால் ஆய்வுக் கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் மட்டும் நடத்தாதீர்கள்; ஒவ்வொரு குடியிருப்பிலும் தனியாக நடத்துங்கள், பெண்களோடு இன்னொன்று. பறை, காளியாட்டம், பொங்கல் வைக்கும் திடல், எல்லைச்சாமி, மயானப் பாதை இவை அத்தியாயத்தில் இருக்கவே இருக்காது. மயானப் பாதைதான் அவசரம். பல இடங்களில் அது பட்டா நிலத்தின் வரப்பு. லேஅவுட் போட்டதும் அடைபடும், மழைக்காலத்தில் பிணம் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் போவார்கள். முழுமைத் திட்டத்தில் 6 மீட்டர் சாலை என்று புல எண்ணோடு போட்டுவிட்டால் லேஅவுட் அனுமதிக்கே அதை விட்டாக வேண்டியிருக்கும். தேர்வீதிக்குக் காட்டும் அக்கறையில் பாதி இதற்குப் போதும்.

---

வரைபலகை

மிக்க நன்றி. நடுத்தெரு சொன்னது எங்கள் ஆய்வுப் படிவத்தில் இல்லவே இல்லை, சேர்த்துவிடுகிறேன். இன்னொன்று: நகர எல்லைக்கு வெளியே வட்டார அளவில் எதைப் பார்க்கவேண்டும்? பாதயாத்திரை, வேளாங்கண்ணி, நாகூர் எல்லாம் எங்கள் பகுதி வழியாகத்தான் போகிறது.

---

புலஎண்

பாதைகளைச் சாலையாகவே நினையுங்கள். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. தேதி மாறாது, திட்டமிட எளிது. நடந்து வருகிறவர்கள் வெறுங்காலோடு வருவார்கள். பகல் வெயிலில் தார்மேல் கால் வைக்க முடியாது என்பதால் அதிகாலையும் இரவும்தான் நடை, விபத்தும் அப்போதுதான். சாலையோரம் 2 மீட்டர் மண் அல்லது கல்தளப் பாதை, வாகனத்திலிருந்து பிரித்து. 3 கி.மீ.க்கு ஒரு குடிநீர், 8 கி.மீ.க்குள் கழிப்பறையோடு தங்குமிடம். இவை நான் வைக்கும் எண்கள். ஒரு மணி நேரத்துக்கு 4 கி.மீ. நடை என்பதிலிருந்து வருபவை. பழநிச் சாலையோரத்தில் பாதயாத்திரைக்குத் தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். பழைய சத்திரங்களின் பட்டியலை எடுத்தால் தங்குமிடம் எங்கே வேண்டும் என்பது தானே தெரியும். பெரும்பாலும் ஒரு வேளை நடைத் தூரத்தில்தான் கட்டியிருப்பார்கள்.

நான்குவழிச் சாலை ஊரை வெட்டும் இடங்களைத் தனியாகக் குறியுங்கள். பாதசாரிச் சுரங்கப்பாதை 3 மீட்டர் உயரம். காவடி போகும், சப்பரம் போகாது. சப்பரம் கடக்கும் இடத்தில் 5.5 மீட்டர் வாகனச் சுரங்கப்பாதை கேட்கவேண்டும், அதுவும் விரிவான திட்ட அறிக்கை தயாராகும் கட்டத்திலேயே. டெண்டர் விட்டபின் கேட்டால் கிடைக்காது. நாகப்பட்டினத்திலிருந்து நாகூர் போகும் சந்தனக்கூடு மாதிரி இரண்டு ஊர் சேர்ந்த ஊர்வலங்களுக்கு இரண்டு ஊர்த் திட்டத்திலும் ஒரே கோடு இருக்கவேண்டும். எல்லையில் கோடு அறுந்தால் தூண் வந்து உட்காரும். உங்கள் மேம்பாலத்தில் நடந்தது அதுவாக இருக்கலாம், பக்கத்து உள்ளாட்சியின் வரைவையும் வாங்கிப் பாருங்கள்.

---

கடைவீடு_பினாங்கு

மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ் டவுனிலிருந்து ஓர் எச்சரிக்கை. 2008-ல் யுனெஸ்கோ பட்டியல், 2016-ல் சிறப்புப் பகுதித் திட்டம் அரசிதழில் வந்தது. கடைவீடுகளின் (கீழே கடை, மேலே வீடு) முகப்பு, ஐந்தடி நடை (முன்பக்கக் கூரை போட்ட நடைபாதை), ஓடு எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. ஆனால் வாடகைக் கட்டுப்பாடு 2000 ஜனவரி 1-லேயே போய்விட்டது. கட்டடம் நின்றது, உள்ளே இருந்த பழைய குடித்தனமும் கைத்தொழிலும் நிறையக் கிளம்பிவிட்டன. தைப்பூசத்துக்கு செட்டியார்களின் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட்டிலிருந்து இன்றும் புறப்படுகிறது, ஆனால் சுற்றிக் குடியிருந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். உங்கள் ஊரில் பழைய வாடகைதாரர், அடிமனைதாரர் பட்டியலை விதி வருமுன் எடுத்துவிடுங்கள். விதி வந்து விலை ஏறிய பிறகு எடுத்தால் யார் இருந்தார்கள் என்பதே தெரியாது.

---

தேர்முட்டி

கடைசியாக ஒரு நடைமுறை. வரைவு அறிவிப்பு வந்தபின் ஆட்சேபணைக்குக் குறைந்தது இரண்டு மாதம் உண்டு. அந்தக் காலத்தில் மக்கள் பார்ப்பது 1:10,000 படம். தங்கள் தெரு அதில் ஒரு கோடு. தேர்வீதி, குளம், தறித்தெரு, சந்தை, மயானப் பாதை ஐந்தையும் 1:1,000-ல் தனித்தனித் தாளாக அச்சடித்து, புல எண்ணையும் தெருப் பெயரையும் தமிழில் போட்டு, தேரடியிலும் சந்தையிலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள். தேர்த்தச்சர், முட்டுக்கட்டைக் குழு, மண்டகப்படி உபயதாரர்கள், ஜமாத், நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் எழுத்தில் கொடுக்கும் திருத்தங்களை வரிசை எண் போட்டு வாங்குங்கள். எழுத்தில் வராத திருத்தம் அடுத்த அலுவலர் வரும்போது இருக்காது.